உதட்டை மூடிக்கொண்டு சிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இன்றோடு பதினோரு நாள். சொட்டு மருந்தை நான்தான் வேளை தவறாமல் விடுகிறேன். கை நடுங்குகிறது என்று என்னைத் திட்டிக்கொண்டே விட்டுக்கொள்கிறாள். தம்பி போன ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

போனில் சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசியதும் நீ "சரிப்பா" என்பாய், நானும் "சரிம்மா, அம்மாகிட்டக் குடுக்கிறேன்" என்பேன். நமக்குள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான். கடிதத்தில் நீ குறுக்கே சரி சொல்ல முடியாது.

உன் போனில் கேமரா கெட்டுப்போய்விட்டதா? ஐந்து மாதமாக எங்களுக்குத் தெரிவது உன் நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான். கட்டுப் பிரித்த அன்று அம்மா முதலில் உன் முகத்தைத்தான் பார்க்கணும் என்றாள். நீ பேசினாய், மின்விசிறி நன்றாகச் சுற்றியது. வெளிச்சம் சரியில்லை என்று நீ சொன்னதற்கு அவள் மறுபேச்சுப் பேசவில்லை. போனை வைத்த பிறகுதான், "எனக்குக் கண் தெரிய ஆரம்பிச்ச நேரம் பார்த்து அவளுக்கு வெளிச்சம் போயிடுச்சு" என்றாள்.

சரி, அதை விடு.

எனக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று அப்பத்தா சொல்லும். எனக்குச் சொல் எப்போதும் குறைவு, அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனாலும் பல் டாக்டரிடம் போய்க் காட்டினேன். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். என் பல்லை ஐந்து நிமிஷம் பார்த்தார். மீதி அரை மணி நேரம் நான் அவரிடம் வேறு கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுமையாக ஒரு மாதிரிப் பல்வரிசையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார்.

பல்லின் மேலே இருக்கும் எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருளாம், எலும்பைவிட. அதில் 96 சதவீதம் தாதுதான். அவ்வளவு கடினமானது, ஆனால் உயிரில்லாதது. பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே எனாமலைச் செய்த செல்கள் செத்துப்போகின்றன. தோல் கிழிந்தால் ஒட்டும், எலும்பு முறிந்தால் கூடும், எனாமல் போனால் போனதுதான். இதை அவர் சொன்னபோது எனக்கு அடிவயிறு ஒரு மாதிரி ஆனது. ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஆடுகிற ஒரு பல்லுக்கு இந்தக் கிழவர் இவ்வளவு பயப்படுகிறாரே என்று நினைத்திருப்பார்.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். தம்பியைத் திட்டாதே. அவனாக உளறவில்லை, நான்தான் விடாமல் கேட்டேன். பல் தூக்கல் தெரியாமல் இருக்க மேல்வரிசையில் எட்டுப் பல்லையும் ராவி கேப் போடப் போகிறாய் என்றான். அடுத்த மாதம் என்றான். எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நீ சொன்னதாகவும் சொன்னான்.

முப்பத்தொரு வயது. உன் பல், உன் சம்பாத்தியம். எங்களைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கேட்கவில்லையே என்று எனக்குக் கோபமும் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை. ஆனால் மூட்டைப்பூச்சி கடித்ததற்குக்கூட அம்மாவுக்குப் போட்டோ அனுப்புகிறவள் நீ. இதை ஐந்து மாதம் ஒளித்து வைத்திருக்கிறாய் என்றால் அந்த ஐந்து மாதம் உனக்கு எப்படிப் போயிருக்கும் என்பதுதான் ராத்திரியில் எனக்கு ஓடுகிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். ராவுவதற்கு முன், நகர்த்த முடியுமா என்று கேள். வெனீர் என்றால், அதாவது பல்லின் முன்பக்கம் மட்டும் ஒட்டுகிற மெல்லிய ஓடு என்றால், அரை மில்லிமீட்டர் அளவுக்கு எடுப்பார்களாம். முழுக் கேப் என்றால் வெளியே தெரிகிற பல்லில் பாதிக்கும் மேல் போய்விடும். தம்பிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உனக்காவது தெளிவாகச் சொன்னார்களா? எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. மேலே ஒட்டுவது பத்துப் பதினைந்து வருஷம் வரும், அப்புறம் மாற்ற வேண்டும். உன் வயதுக்குக் கணக்குப் போட்டுப் பார், எத்தனை தடவை அந்த நாற்காலியில் படுக்க வேண்டும் என்று. ராவிய பல்லில் சில சமயம் நரம்பு செத்து ரூட் கேனல் வரை போகுமாம். ஆரோக்கியமான எட்டுப் பல், பாப்பா. ஒரு சொத்தை கிடையாது உனக்கு.

கிளிப் போடுவதற்கு வயது தாண்டிவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால் அது சரியில்லை. பெரியவர்களுக்கும் பல் நகரும். பல் எலும்பில் சிமென்ட் போட்டு நட்டது போல் இல்லையாம், நடுவில் மெல்லிய நாரில் தொங்குகிறதாம். மெதுவாக ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தால் அழுத்துகிற பக்கம் எலும்பு கரைந்து வழிவிடும், இழுபடுகிற பக்கம் புது எலும்பு வளர்ந்து மூடும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உயிருள்ள எலும்பு வழிவிட்டுக் கொடுக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும், முடிந்த பிறகும் ராத்திரியில் பல்லைப் பிடித்து வைக்கிற ரிடெய்னர் மாட்ட வேண்டும், இல்லையென்றால் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். தாடையே பின்தங்கி இருந்தால் கிளிப் மட்டும் போதாது என்கிற நிலைமையும் உண்டாம். அதையெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் கிளிப் போடுகிற ஸ்பெஷலிஸ்ட். அவசரப்படாதே. ராவுவதற்கு முன் நகர்த்த முடியுமா என்று கேள்.

1899-லேயே எட்வர்டு ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்துவதை வைத்து மனிதர்களின் பல் கடிப்பை மூன்று வகையாகப் பிரித்துவிட்டார். மேல்வரிசை முன்னால், கீழ்வரிசை பின்னால் என்றால் இரண்டாம் வகை. நாம் இரண்டாம் வகை. அப்பத்தா, பெரியப்பா, நான், நீ. பரம்பரைச் சொத்து என்று எனக்கு வந்ததும் உனக்குப் போனதும் இது ஒன்றுதான். தம்பி அம்மா பக்கம், தப்பித்துவிட்டான்.

முகம் முக்கியமில்லை, மனசுதான் முக்கியம் என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எழுதப் போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல பல்வரிசை உள்ளவர்கள்.

உலகம் பார்க்கத்தான் செய்கிறது. 1920-ல் தார்ன்டைக் என்ற உளவியல் அறிஞர் ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். உடல்வாகு, புத்தி, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகப் போடச் சொன்னது. ஒன்றில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் பெரும்பாலும் மற்றவற்றிலும் வாங்கியிருந்தான். தோற்றத்துக்கும் நாணயத்துக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்குமே, அதே வட்டம்தான். 1972-ல் வெறும் புகைப்படத்தைக் காட்டிக் கேட்ட இன்னொரு ஆய்வில், அழகான முகங்கள் நல்ல குணம் உள்ளவை, நல்ல வேலைக்குப் போகக்கூடியவை, சந்தோஷமாகக் குடும்பம் நடத்தக்கூடியவை என்றெல்லாம் மக்கள் முடிவுகட்டினார்கள். 2006-ல் வந்ததுதான் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா என்பதற்கு அதிலேயே ஆட்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை, தாங்கள் சொன்னதில் நம்பிக்கை மட்டும் கூடியது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் பழமொழியே வைத்திருக்கிறோம். தெரிகிறதோ இல்லையோ, தெரிவதாக எல்லோரும் நினைக்கிறோம்.

நானும் நினைத்திருக்கிறேன். ஆபீசில் ஆள் எடுக்கிற குழுவில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தேன். ஒரு தடவை கடைசிச் சுற்றில் இரண்டு பையன்கள். ஒருவன் கேள்விக்குக் கேள்வி சிரித்த முகமாகப் பதில் சொன்னான். இன்னொருவன் மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே பேசினான். அந்த இழுப்பு எனக்குத் தெரியாதா? அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. முதல் பையனுக்குத்தான் போட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் "தன்னம்பிக்கையுடன் பேசுகிறார்" என்று எழுதினேன். பல் என்று யாரும் எழுத மாட்டார்கள் பாப்பா. தன்னம்பிக்கை, ஆளுமை, கலகலப்பு என்றுதான் எழுதுவார்கள். போன வருஷம் உனக்குக் கிடைக்க வேண்டிய அந்தப் பொறுப்பு கைநழுவியபோது "வாடிக்கையாளர்களோடு பழகுவதற்கு இன்னும் கொஞ்சம்" என்று ஏதோ சொன்னார்கள் என்றாயே, அன்றைக்கு எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது. உன்னிடம் நான் "எல்லாம் நன்மைக்கே" என்றேன்.

அதனால் பல்லைச் சரிசெய்ய நினைப்பது தப்பு என்று சொல்லவில்லை. சரிசெய். ராவாதே என்றுதான் சொல்கிறேன். சரி, மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, நீ எதைப் பார்த்து முடிவெடுத்தாய்? உன் வேலையில் நாள் முழுக்க வீடியோ மீட்டிங். கட்டத்துக்குள் நாலு பேர் முகத்தோடு சேர்த்து உன் முகமும் உனக்கே தெரிந்துகொண்டிருக்கும். எங்கள் காலத்தில் ஒருவன் பேசும்போது தன் வாய் எப்படி அசைகிறது என்று அவனுக்குத் தெரியாது. அது ஒரு பெரிய கருணை என்று இப்போது தோன்றுகிறது. போன் கேமராவைக் கையெட்டும் தூரத்துக்குள் வைத்துப் படம் எடுத்தால் முகத்தில் முன்னால் இருப்பதெல்லாம் பெரிதாகிவிடும். ஓர் அடி தூரத்திலிருந்து எடுத்த படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள், ஐந்து அடி தூரத்தோடு ஒப்பிட்டால். மூக்குக்கு நடப்பது முன்பல்லுக்கும் நடக்கும்தானே? எதிரே உட்கார்ந்து உன்னோடு பேசுகிறவர் உன் மூக்குக்கு ஓரடி முன்னால் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை.

கண்ணாடி விஷயமும் இருக்கிறது. 1977-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பெண்ணின் புகைப்படத்தையும் அதையே இடவலம் மாற்றி அச்சிட்டதையும் அவளிடமும் அவள் தோழியிடமும் காட்டினார்கள். தோழிகள் பெரும்பாலும் நேர்ப் படத்தைப் பிடித்திருக்கிறது என்றார்கள், அந்தப் பெண்கள் கண்ணாடியில் தெரிகிற மாதிரியான படத்தை. பழகியதுதான் பிடிக்கும் என்பதற்காகச் செய்தது அது. எனக்கு அதிலிருந்து தோன்றியது வேறு. உன் முகத்தை ஊர் பார்க்கிறபடி நீ நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. நாங்கள் பார்த்திருக்கிறோம். முப்பத்தொரு வருஷமாக.

பல்லைச் சரிசெய்துவிட்டால் உள்ளே இருப்பதும் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் கொஞ்சம் ஆறப்போடு. 1981-ல் வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் என்ற ஊரில் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, அவர்களில் கிடைத்தவர்களை இருபது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். கிளிப் போட்டவர்களுக்குப் பல் நன்றாக இருந்தது, தங்கள் பல்லைப் பற்றித் திருப்தியும் இருந்தது. ஆனால் தன்மதிப்பு, மன நிம்மதி என்று பார்த்தபோது, தேவை இருந்தும் போடாமல் விட்டவர்கள் அதனால் ஒன்றும் நொடிந்துபோயிருக்கவில்லை. இது உனக்கு ஆறுதலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது, அதனால்தான் இரண்டு தடவை படித்தேன். ஏன் ஆறுதல் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இன்னொரு சோதனை. இதைப் படித்துவிட்டுத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் இரண்டு பேர் செய்தது, 1980-ல் வெளிவந்தது. சிலரை உட்காரவைத்து முகத்தில் மேக்கப்பால் ஒரு பெரிய தழும்பு வரைந்தார்கள். கண்ணாடியில் காட்டினார்கள். இந்தத் தழும்போடு போய் ஒருவரிடம் பேசிவிட்டு வா, அவர் உன்னை எப்படி நடத்துகிறார் என்று கவனித்துச் சொல் என்றார்கள். கிளம்புகிற நேரத்தில், தழும்பு காய்ந்து உரிந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் கிரீம் தடவுகிறோம் என்று சொல்லி, தடவுகிற சாக்கில் தழும்பை முழுசாகத் துடைத்துவிட்டார்கள். துடைத்தது அவர்களுக்குத் தெரியாது. வெறும் முகத்தோடு போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். வந்து சொன்னதைக் கேள்: என் தழும்பையே முறைத்துப் பார்த்தார், சரியாகப் பேச்சுக் கொடுக்கவில்லை, இறுக்கமாகவே இருந்தார்.

உன் பல் தூக்கலாக இருப்பது கற்பனை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என்னையும் அதையே சொல்லித்தான் கூப்பிட்டார்கள், மண்வெட்டிப் பல்லன் என்று. அத்தனை வருஷத்தில் புதுசாக ஒரு பெயர்கூடக் கண்டுபிடிக்கவில்லை பார், பயல்கள். ஆனால் அந்தச் சோதனையைப் படித்ததிலிருந்து எனக்கு மேக்கப் போட்டவர் மேலேதான் எண்ணம் போகிறது. தழும்பு போனது தெரியாமல் பேசிவிட்டு வந்தவர்களுக்கு அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பார்கள். நீ யாரிடம் கேட்பாய்?

போன வாரம் தம்பி தூங்கிய பிறகு ஆல்பங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். நீ பிறந்ததிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, ஒரு படத்தில்கூட உன் வாய் மூடியிருக்கவில்லை. பால்பல் தெரிய, பல் விழுந்த ஓட்டை தெரிய, ஒரு படத்தில் உள்நாக்கே தெரிய. அந்த ஊஞ்சல் படம், தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு விழப்போகிற படம், எல்லாவற்றிலும். அப்புறம் அத்தை வீட்டு மொட்டைமாடிப் படம். நீ நீலப் பாவாடை. உதடு ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து பட்டமளிப்பு விழா வரை ஒரு படத்தில்கூடப் பல் இல்லை. நடுவில் ஏதாவது விட்டுப்போயிருக்குமா என்று திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். இல்லை.

மொட்டைமாடிப் படத்தை எடுத்தவன் நான். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நீ வழக்கம்போல் வாயெல்லாம் பல்லாக நின்றாய். நான் கேமராவைக் கீழே இறக்கி, "பாப்பா, உதட்டை மூடிக்கொண்டு சிரி" என்றேன். நீ, "ஏம்ப்பா?" என்றாய். "அதுதான் உனக்கு நல்லா இருக்கும்" என்றேன். நீ மூடினாய். "ம், இப்ப அழகு" என்றேன். ஒன்பது வயசுப் பிள்ளை, அப்பா அழகு என்று சொன்னால் எப்படித் திறப்பாய்?

பயல்கள் அதற்கப்புறம்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். முதலில் சொன்னவன் நான்.

அதைச் சொன்னபோது உனக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன். நான் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே உபாயம் அது. என் கல்யாணப் படத்தைப் பார்த்திருக்கிறாய். ஆபீசில் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள், அது எனக்குத் தெரியும். வேடிக்கையாக யாராவது பேசினால் குனிந்துகொள்வேன். கூட்டத்தில் ஜோக்குக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நிமிர்வேன். அதைக் கண்டிப்பான ஆள் என்று எடுத்துக்கொண்டு பயந்தார்கள், பதவி உயர்வுகூடக் கொடுத்தார்கள். உனக்கு அப்படி நடக்கவில்லை. ஆணுக்குக் கண்டிப்பு என்று எடுத்துக்கொள்கிற முகத்தைப் பெண்ணுக்குத் தலைக்கனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதை நான் யோசிக்கவில்லை. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டு, கை தட்டும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டு இறங்கி வந்தாயே, அன்றைக்குக்கூட யோசிக்கவில்லை. மூவாயிரம் பேர் இருந்த கூட்டம். அந்தக் குரல் இப்போதும் எனக்குக் காதில் இருக்கிறது. உன் குரலுக்கு நான் என்ன செய்தேன் என்று ஒருத்தரும் கேட்க முடியாது, அது முழுக்க உன்னுடையது.

இப்போது கிளிப்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் உன்னை ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேனே. அம்மா தொல்லை தாங்காமல்தான் போனேன். அவர் ஒரு சின்ன அளவுகோலை வைத்துப் பார்த்தார். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருப்பது இயல்பு, உனக்கு எட்டு என்றார். இது சரியான வயது, தாடை வளர்கிற நேரம், இப்போதே ஆரம்பித்தால் நல்லது என்றார். நீ வெளியே மீன்தொட்டி பார்க்கப் போய்விட்டாய். அவர் என் முகத்தைப் பார்த்தார், சிரித்தார், "கேட்கவே வேண்டாம், அப்பாவை அப்படியே அச்செடுத்த மாதிரி" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் பிரியமாகக்கூடச் சொல்லியிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டேன். எழுந்துவிட்டேன். வழியில் நீ, "கிளிப் போடுவாங்களாப்பா?" என்று கேட்டாய். "அதெல்லாம் தேவையில்லை, பெரியவளானா தானா சரியாயிடும்" என்றேன்.

அம்மாவிடம், இரண்டு வருஷம் கட்ட வேண்டும், அவ்வளவு பணம் இப்போது நம்மிடம் இல்லை என்றேன். அவளும் சரி என்றுவிட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. உனக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அப்பாவுக்கு அப்போது கஷ்டம் என்று.

பணம் இருந்தது, பாப்பா. அந்த வருஷம்தான் ஸ்கூட்டரை மாற்றினேன்.

மாதாமாதம் அந்த டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டும், மாதாமாதம் அவர் என் வாயைப் பார்ப்பார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. எட்டு மில்லிமீட்டர் மாதத்துக்கு ஒன்று வீதம் எவ்வளவு நாளாகியிருக்கும் என்று அந்தப் பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் படுத்துக்கொண்டு மனக்கணக்காகப் போட்டேன். அவர் "வாயை நல்லாத் திறங்க சார்" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

உன் ஐந்து மாதத்தை இதோடு சேர்த்து நான் கேட்க முடியாது. நீ போனைக் கூரைக்குத் திருப்பினால் திருப்பிக்கொள். அம்மாவுக்கு மட்டும் ஒரு தடவை காட்டு, அவள் உன் பல்லைப் பார்க்க மாட்டாள், இளைத்திருக்கிறாயா என்றுதான் பார்ப்பாள்.

நீ போகிற இடத்தில் இதை மட்டும் எழுதிக் கேள்: வெனீரா, முழுக் கேப்பா, ஒரு பல்லில் எவ்வளவு எடுப்பார்கள், எத்தனை வருஷத்தில் மாற்ற வேண்டும், கிளிப்பால் எவ்வளவு தூரம் சரியாகும். இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் வெள்ளை நிறத்தில் எந்த ஷேடு வேண்டும் என்று முதலில் கேட்கிற ஆளாக இருந்தால் எழுந்து வந்துவிடு. எழுந்து வருவது நமக்குப் புதிதில்லை, இந்தத் தடவையாவது சரியான காரணத்துக்காக இருக்கட்டும். எல்லாம் கேட்ட பிறகும் கேப்தான் என்று தோன்றினால் போட்டுக்கொள். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கொஞ்ச நாள் பேசாமல் இருப்பேன், அவ்வளவுதான்.

கிளிப்புக்கு அப்போது ஆகியிருக்கக்கூடிய தொகைக்கு இத்தனை வருஷத்து வட்டியையும் சேர்த்து உன் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே. எதற்குச் செலவழித்தாய் என்று கேட்க மாட்டேன்.

அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. சொட்டு மருந்து விட்டால் பத்து நிமிஷம் கண்ணை மூடிப் படுத்திருப்பாள், அந்த நேரத்தில்தான் நாலு நாளாக இதை எழுதினேன். ஸ்கூட்டர் விஷயத்தை அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அப்பா